கூகுள் டிரைவில் இருந்த மூன்று வருடக் கடைக் கணக்கு போய்விட்டது; ஹார்டு டிஸ்கில் எடுத்து வைத்ததும் திறக்கவில்லை

பயறுத் தரகு, யாங்கோன்

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்து வழி சொல்லுங்கள்.

யாங்கோனில் எங்கள் குடும்பத்துக்குப் பயறுத் தரகுக் கடை இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு தம்பி கொள்முதலுக்கு அலைகிறான், கணக்கு முழுக்க என் கையில். உளுந்தும் துவரையும்தான் பிரதானம், கூடவே கொஞ்சம் பாசிப்பயறு. பெகு, பியாய் பக்கத்து வியாபாரிகளிடம் வாங்கி ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுக்கிறோம். யாரிடம் எத்தனை வீசை வந்தது, என்ன தரம், என்ன விலை பேசினோம், பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் 2019 முதல் கூகுள் ஷீட்டில்தான் இருக்கிறது.

டிரைவில் ஃபோல்டரைத் திறந்தது நான். உள்ளே ஷீட்களை உருவாக்கியது எங்களிடம் ஆறு வருடம் வேலை பார்த்த பையன், அவனுடைய சொந்த ஜிமெயிலில் இருந்து. தங்கமான பிள்ளை, அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த வருடம் மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். போன இடத்தில் ஃபோனில் எடுத்த படங்கள் நிறைந்து, ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி தீர்ந்துபோக, 'பழைய கடைச் சரக்குதானே, அக்காவிடம் காப்பி இருக்கும்' என்று 2021, 2022, 2023 வருடத்து ஷீட்களையும் ரசீது ஸ்கேன்களையும் அழித்துவிட்டான். நடப்பு வருடத்தைத் தொடவில்லை. அதனால்தான் எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று. தினமும் நான் திறப்பது நடப்பு ஷீட்டை மட்டும்தானே.

போன வாரம் ஒரு ஏற்றுமதிக்காரர் 2023 உளுந்துக் கணக்கில் 40 மூட்டை இடிக்கிறது என்று கேட்டார். அந்த வருடத்து ஃபோல்டரைத் திறந்தால் காலி. அவனைக் கூப்பிட்டுக் கேட்டபோது அழித்து நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது என்றான். பாவம், ஃபோனிலேயே அழுதான்.

அப்போதும் நான் பதறவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை சாத்துவதற்கு முன் லேப்டாப்பில் இருக்கும் டிரைவ் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுப்பேன். மூன்று வருடமாக ஒரு சனி தவறவில்லை. வீட்டுக்குப் போய் டிஸ்கைச் செருகினேன். எல்லாம் பெயர் பெயராக இருந்தது: 'உளுந்து 2021 மாசி', 'துவரை 2023 தை', 'பாக்கி 2022'. ஒன்றைத் தட்டினேன். பிரவுசர் திறந்து, நீங்கள் கேட்ட கோப்பு இல்லை என்றது. இன்னொன்றும் அப்படியே. அப்புறம்தான் அளவைப் பார்த்தேன். எல்லாம் 1 கேபி. ஒரு வருடத்து உளுந்துக் கணக்கும் 1 கேபி, நாலே வரி பாக்கிப் பட்டியலும் 1 கேபி. ஸ்கேன் எடுத்த ரசீதுகள் மட்டும் நல்லபடியாகத் திறக்கின்றன.

இந்த மூன்று வருடம் எங்களுக்கு லேசான வருடங்கள் இல்லை. வருடத்துக்கு 2,50,000 டன் உளுந்தும் 1,00,000 டன் துவரையும் இங்கிருந்து எடுப்பதாக 2021-ல் இந்தியா ஒப்பந்தம் போட்ட பிறகு எங்களைப் போன்ற சிறு தரகர்களுக்கும் ஓட்டம் கூடியது. கொடுக்கல் வாங்கல் அதிகம் நடந்த காலத்துக் கணக்குதான் போயிருக்கிறது. 1964-ல் அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கியபோதும் தாத்தா சிட்டைகளைக் காப்பாற்றி வைத்தவர். அப்பா பேரேட்டை இரண்டாக எழுதி ஒன்றை வீட்டுச் சாமி அலமாரியில் வைப்பார். என் காலத்தில் இப்படி ஆனதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

கேட்க நினைப்பது இரண்டு. போனதில் ஏதாவது மீளுமா? இனிமேல் எப்படி வைக்க வேண்டும்? கரன்ட் வருவதே நாலு மணி நேரம், நெட் எப்போது போகும் என்று தெரியாது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தாமைன் கம்ப்யூட்டர்

அக்கா, மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல மூணு காரியம் இன்னைக்கே பண்ணுங்க.

அந்தத் தம்பியை அவர் கணக்குல டிரைவோட ட்ராஷைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. 30 நாள் கழிச்சு தானா அழியும்ங்கிறது நிஜம்தான். ஆனா அந்த 30 நாள் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியா எண்ணுறது. எல்லாத்தையும் ஒரே நாள்ல அழிச்சாரா, கொஞ்சம் கொஞ்சமாவா? கடைசியா அழிச்சது இன்னும் கிடக்கலாம். இல்லைன்னா கோப்புக்குச் சொந்தக்காரர்ங்கிற முறையில அவரே கூகுள் உதவிப் பக்கம் வழியா மீட்கச் சொல்லி எழுதட்டும். சொந்த ஜிமெயில் கணக்குக்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. அலுவலகத்துக்குன்னு காசு கட்டி வாங்குற ஒர்க்ஸ்பேஸ் கணக்கா இருந்தா, ட்ராஷ்ல இருந்து போன பிறகும் 25 நாள் வரைக்கும் அட்மின் மீட்டுக் கொடுக்க முடியும். எப்படியும் எழுதிப் பார்க்கட்டும், நாள் கடத்த வேண்டாம்.

ரெண்டாவது, உங்க வீட்டுல ஷீட்ஸ் ஆப் இருந்த பழைய ஃபோன் ஏதாவது மேசைக்குள்ள கிடக்குதா? உங்களுது, உங்க தம்பியோடது எதுன்னாலும் சரி. இருந்தா சிம்மைக் கழட்டிருங்க, வீட்டு வைஃபையை அணைச்சிருங்க. அதுக்கு அப்புறம் சார்ஜ் போட்டு ஆன் பண்ணுங்க. ஆன் ஆன உடனே ஏரோப்ளேன் மோடு. ஆஃப்லைன்ல பார்க்குற மாதிரி யாராவது எப்பவாவது குறிச்சு வச்சிருந்தா, அந்தப் பிரதி இன்னும் ஃபோனுக்குள்ளேயே இருக்கும். நெட்டைத் தொட்ட அடுத்த நிமிஷம் அதுவும் போயிடும்.

மூணாவது, ஜிமெயில்லயும் வைபர்லயும் தேடுங்க. ஏற்றுமதிக்காரங்களுக்கு மாசக் கணக்கை எக்செல்லாவோ பிடிஎஃப்பாவோ அனுப்பியிருப்பீங்க. நீங்க அனுப்பினது உங்ககிட்ட இல்லைன்னா வாங்கினவங்ககிட்ட இருக்கும். தயங்காமக் கேளுங்க.

அந்த 1 கேபி விஷயத்துக்கு வர்றேன். நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை எடுத்தது கணக்கு இல்லைக்கா, கணக்கு இருக்குற இடத்தோட விலாசம். லேப்டாப் டிரைவ் ஃபோல்டர்ல கூகுள் ஷீட்டெல்லாம் டாட் ஜிஷீட்னு முடியுற கோப்பா இருக்கும். அதுல ஒண்ணை நோட்பேடுல திறந்து பாருங்க: ஒரு நீளமான எழுத்துக் கோர்வை, கூட ஒரு மெயில் ஐடி, அவ்வளவுதான் இருக்கும். ஒரு கூட்டல் கழித்தல் இருக்காது. வேர்டு, எக்செல், பிடிஎஃப், படம்னு நாம மேலே ஏத்தினது மட்டும்தான் நிஜக் கோப்பா காப்பி ஆகும். அதனாலதான் உங்க ரசீது ஸ்கேன் பிழைச்சது. என்கிட்ட வர்ற கடைக்காரங்கள்ல பாதிப் பேர் இதை அறியாமத்தான் இருக்காங்க. நீங்க ஒழுங்கா செஞ்சுதான் இருக்கீங்க, இதைச் சொல்லித் தர யாரும் இல்லை.

ஃபோல்டர் உங்களுது, ஆனா உள்ளே இருக்குற ஷீட் அவரோடது. டிரைவுல ஷீட்டை யார் உருவாக்கினாங்களோ அவங்கதான் சொந்தக்காரர். அவர் அழிச்சா எல்லாருக்கும் போயிடும். அதனால நடப்பு வருஷ ஷீட்டோட உரிமையை இன்னைக்கே கடைக் கணக்குக்கு மாத்தச் சொல்லுங்க. அவர் 'உரிமையை மாற்று'ன்னு கொடுக்கணும், நீங்க ஏத்துக்கணும். அதுக்கு நேரம் ஆகும்னா, நீங்களே அந்த ஷீட்டைத் திறந்து 'நகல் எடு'ன்னு கொடுங்க. அந்த நகல் உங்க பேர்ல நிக்கும். இதைப் பண்ணிட்டுத் தூங்குங்க. எப்படி வைக்கணும்ங்கிறதை நாளைக்கு எழுதுறேன், இங்க கரன்ட் போகப் போகுது.

மோல்மின் ரப்பர்

அம்மா, உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் தம்பி சொல்வதில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நானும் ரப்பர் கணக்கைக் கிளவுடில்தான் வைத்திருக்கிறேன். அவ்வளவு பெரிய கம்பெனி பத்து இடத்தில் பிரதி வைத்துக்கொள்ளாதா? நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் டிஸ்க் அதைவிடப் பத்திரமா? கோப்பை அழித்தது ஒரு மனிதர். இனி யாரும் அழிக்காமல் பார்த்துக்கொண்டால் போதாதா?

தாமைன் கம்ப்யூட்டர்

ஐயா, நியாயமான கேள்வி. கம்பெனி பிரதி வச்சிருக்கிறது அவங்க மெஷின் கெட்டுப்போனா சேவை நிக்கக் கூடாதுங்கிறதுக்காக. சொந்தக்காரர் அழின்னு சொன்னா அத்தனை பிரதியிலயும் அழிப்பாங்க. அக்கா விஷயத்துல கம்பெனி பக்கம் எதுவும் கெடலை, சொன்னதைச் செஞ்சது.

ஆனா கம்பெனி பக்கமே கெட்டதும் உண்டு ஐயா. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச் கம்பெனியோட டேட்டா சென்டர் ஒண்ணு முழுசா எரிஞ்சுது. பேக்கப்பையும் அதே வளாகத்துல வச்சிருந்தவங்களுக்கு ரெண்டும் போச்சு. 2024 மே மாசம் ஆஸ்திரேலியாவுல யூனிசூப்பர்ங்கிற ஓய்வூதிய நிதியோட கூகுள் கிளவுட் சந்தாவே தவறுதலா அழிஞ்சுது. ஆறு லட்சத்துக்கு மேல உறுப்பினர்கள், ஒரு வாரத்துக்கு மேல கணக்கைப் பார்க்க முடியலை. வேற ஒரு நிறுவனத்துல தனியா பேக்கப் வச்சிருந்தது மீட்கிறதுக்குக் கைகொடுத்துச்சு. 2025 செப்டம்பர்ல தென்கொரியாவுல டேஜான் நகரத்து அரசு டேட்டா சென்டர்ல லித்தியம் பேட்டரியில தீ. அரசு ஊழியர்கள் கோப்பு வச்சிருந்த ஜி-டிரைவ்ல 858 டெராபைட் போயிடுச்சு. அளவு பெருசுன்னு அதுக்கு வெளியில பேக்கப் எடுக்கலை. அது அந்நாட்டு அரசே நடத்தின கிளவுட் ஐயா.

வீட்டு அலமாரி டிஸ்க் கிளவுடை விடப் பத்திரம்னு நான் சொல்லலை. ரெண்டும் ஒரே நாள்ல போகாதுங்கிறதுக்குத்தான் ரெண்டும் வேணும்ங்கிறேன்.

அக்கா, உங்களுக்கு இப்ப. கடைக்குன்னு தனியா ஒரு கணக்கு, எல்லாக் கோப்பும் அதுக்குச் சொந்தம். மீட்பு ஃபோன் நம்பர் வேலைக்காரங்க நம்பரா இருக்கவே கூடாது, கடை சிம்மா இருக்கட்டும். ரெண்டடுக்குச் சரிபார்ப்புப் போட்டா கூகுள் பத்து எண்களைத் தரும், ஒவ்வொண்ணும் எட்டு இலக்கம். எஸ்எம்எஸ் வராத நாள்ல உள்ளே போக அதுதான் வழி. அச்செடுத்து நகைப் பெட்டியில வையுங்க. நம்ம ஊர்ல எஸ்எம்எஸ் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்.

ஷீட்டை நிஜக் கோப்பா இறக்கணும். சுலபமான வழி கூகுள் டேக்அவுட். டிரைவை மட்டும் டிக் பண்ணுங்க, ஷீட்டெல்லாம் எக்செல்லா மாறி ஜிப் கோப்பா வரும். இறக்குற சுட்டி ஏழு நாள் வரைக்கும்தான் உயிரோட இருக்கும், நெட் நல்லா இருக்குற ராத்திரியாப் பார்த்து இறக்கிருங்க. ஒரு வருஷத்துக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தானா எடுக்கவும் சொல்லலாம். ஆனா தினம் சரக்கு ஏறி இறங்குற கடைக்கு ரெண்டு மாசம்ங்கிறது ரொம்பத் தூரம். இன்னொண்ணு, மத்தவங்க உங்களுக்குப் பகிர்ந்து 'என்னுடன் பகிரப்பட்டவை'யில மட்டும் கிடக்குறது அதுல வராது.

நான் கடைகளுக்குப் போட்டுக் கொடுக்கிறது ஆர்க்ளோன், டிரைவ்ல இருக்குறதை டிஸ்குக்கு இறக்குற நிரல். இலவசம். கட்டளை எழுதுற கறுப்புத் திரைதான், ஆனா ஒரு தடவை எழுதி டெஸ்க்டாப்ல வச்சுட்டா அப்புறம் ரெண்டு தடவை தட்டுறதோட சரி. அமைக்கும்போது படிக்க மட்டும் அனுமதிங்கிறதைத் தேர்ந்தெடுங்க. அப்ப அந்த நிரலால உங்க டிரைவ்ல ஒரு எழுத்தைக்கூட அழிக்க முடியாது. 'காப்பி'ன்னு கொடுங்க, 'சிங்க்'னு கொடுக்காதீங்க. இதை மட்டும் தயவுசெஞ்சு மறக்காதீங்க. சிங்க்னா மேல அழிஞ்சது கீழேயும் அழியும். ஷீட்களுக்கு ஒவ்வொரு வாரமும் தேதி போட்ட புது ஃபோல்டர், பழையதை அப்படியே விட்டுருங்க. எக்செல் கோப்பு சின்னதுதான், ஒரு வருஷம் சேர்ந்தாலும் பெருசா இடம் பிடிக்காது. ஸ்கேன்களுக்கு ஒரே ஃபோல்டர் போதும், புதுசா வந்தது மட்டும் இறங்கும், டேட்டா மிச்சம்.

டிஸ்க் ரெண்டு வாங்குங்க, சாதாரண ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி வேண்டாம், கரன்ட் இல்லாம ரொம்ப நாள் அலமாரியில கிடந்தா அதுல டேட்டா நிக்கும்னு நம்ப முடியாது. ஒண்ணை இந்த வாரம், ஒண்ணை அடுத்த வாரம். காப்பி முடிஞ்சதும் கழட்டிடுங்க. செருகியே வச்சிருந்தா, ஃபைலைப் பூட்டிக் காசு கேக்குற வைரஸ் வர்ற அன்னைக்கு அதையும் சேர்த்துப் பூட்டும். லேப்டாப் பேட்டரி பாதிக்கு மேல இருக்கும்போது எடுங்க. நடுவுல கரன்ட் போய் மோடம் அணைஞ்சாலும் பரவாயில்லை, விட்ட இடத்துல இருந்து மறுபடி ஓட்டிக்கலாம். டிஸ்க்ல எழுதிக்கிட்டு இருக்கும்போது லேப்டாப் சாகுறதுதான் ஆபத்து.

மண்டலே அச்சகம்

அக்கா, தாமைன் தம்பி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டு டிஸ்கையும் ஒரே கட்டடத்தில் வைக்காதீர்கள்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மத்தியானம் 12.50. 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தபோது நான் வாசலில் பேப்பர் ரீம் இறக்கிக்கொண்டிருந்தேன், அதனால் பிழைத்தேன். அச்சகத்தின் பின்சுவர் முழுக்க உள்ளே விழுந்தது. லேப்டாப், டிஸ்க், மாதக்கணக்குக் கோப்பு எல்லாம் ஒரே இரும்பு மேசையில் இருந்தன. மேசை தட்டையாகிவிட்டது. அந்த நாட்களில் கணக்கைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, யோசிக்கவும் முடியாது. எங்கள் தெருவில் இழந்தது மனிதர்களை.

வாரங்கள் கழித்து, வேலையாட்களுக்குச் சம்பளப் பாக்கி கொடுக்க வேண்டுமே என்றபோதுதான் கணக்கு தேவைப்பட்டது. கிளவுடில் இருந்தது, ஆனால் இறக்க எங்கள் பகுதியில் நெட் நிற்கவில்லை. மேமியோவில் மச்சான் வீட்டில் ஒரு டிஸ்க் கொடுத்து வைத்திருந்தேன், பொங்கலுக்குப் போனபோது மாற்றியது. இரண்டரை மாதம் பழசு. அதை வாங்கி வந்து இரவல் லேப்டாப்பில், பேட்டரியில் திறந்து, ஒன்பது பேருக்கும் சேர வேண்டியதைக் கொடுத்தேன். இரண்டரை மாதம் பழையதாக இருந்ததே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

இன்னொரு விஷயம். உங்கள் ஷீட்கள் 2019-ல் தொடங்கியவை என்றீர்கள். பர்மிய எழுத்துக்கு நாடு ஜாவ்ஜி என்ற பழைய எழுத்துரு முறையிலிருந்து யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1-ஆம் தேதி. அதற்கு முந்தைய கோப்புகளில் பர்மியப் பெயர்கள் ஜாவ்ஜியில் இருந்தால், புது லேப்டாப்பில் திறக்கும்போது எழுத்து இடம் மாறிக் கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜாவ்ஜி எழுத்துருவையும் பேக்கப் டிஸ்கிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். நான் 2018 விலைப்பட்டியலை இப்படித்தான் படித்தேன்.

மோல்மின் ரப்பர்

மண்டலே தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் நலமாக இருப்பது ஆறுதல்.

தாமைன் தம்பி, என் கணக்கில் பாதி மெயிலில்தான் இருக்கிறது. ஒப்பந்தம், தரச் சான்று எல்லாம் இணைப்பாக வந்தவை. அதற்கு என்ன செய்வது?

தாமைன் கம்ப்யூட்டர்

தண்டர்பேர்டு போடுங்க ஐயா, இலவச மெயில் நிரல். ஐமேப் வழியா ஜிமெயிலை இணைச்சு, 'இந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்'ங்கிறதை டிக் பண்ணுங்க. மெயிலும் இணைப்பும் இறங்கினதும் அதோட ஃபோல்டரை டிஸ்க்ல காப்பி எடுங்க. ஜிமெயில்ல ஒண்ணை அழிச்சா தண்டர்பேர்டுலயும் அழியும், அதனால டிஸ்க் காப்பியை விட்டுடாதீங்க.

பயறுத் தரகு, யாங்கோன்

உங்கள் எல்லாருக்கும் கைகூப்பி வணக்கம். மூன்று வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ட்ராஷ். அவன் இரண்டு தடவையாக அழித்திருக்கிறான். இரண்டாம் தடவையில் போன ஏழு ஷீட் இன்னும் ட்ராஷில் கிடந்தன. 29-ஆவது நாள். தாமைன் தம்பி அன்றைக்கே பார்க்கச் சொல்லியிருக்காவிட்டால் அவையும் போயிருக்கும். மலேசியாவில் இரவு வேலை முடித்து வந்து மீட்டு, அப்போதே உரிமையையும் எனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தான். மீதிக்கு எழுதிக் கேட்டதில் கிடைக்கவில்லை.

தம்பியின் பழைய ஃபோன் சமையலறை அலமாரியில் இருந்தது, திரை விரிசல். சிம்மைக் கழற்றி, வைஃபையை அணைத்து, சார்ஜ் ஏறும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆன் ஆனதும் ஏரோப்ளேன் மோடு. ஷீட்ஸைத் திறந்தால் 'பாக்கி 2022' வந்தது. பெகுவுக்குப் போகும் வழியில் சிக்னல் இருக்காது என்று அவன் எப்போதோ ஆஃப்லைனில் வைத்தது. ஏற்றுமதி செய்து வெளியே எடுக்கத் தெரியவில்லை, பயமாகவும் இருந்தது. அதனால் திரையை நகர்த்தி நகர்த்தி என் ஃபோனால் படம் எடுத்தேன். 63 படம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டேன்.

ஏற்றுமதிக்காரர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. கணக்கைத் தொலைத்த கடை என்று பேர் வந்துவிடுமே என்று தம்பியும் தயங்கினான். ஆனால் கேட்டவர்களில் மூன்று பேர் மறுநாளே பழைய மாதக் கணக்குகளை அனுப்பிவிட்டார்கள். அந்த 40 மூட்டை கேட்டவரும் அதில் ஒருவர். அவர் கோப்பையும் எங்கள் ரசீது ஸ்கேன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: ஒரு லோடு எஸ்க்யூ என்ற உயர்ந்த தரத்தில் வாங்கியது, அவர்கள் பக்கம் எஃப்ஏக்யூ என்ற சராசரித் தரத்தில் ஏறியிருக்கிறது. மூட்டை குறையவில்லை, வேறு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவரும் ஒப்புக்கொண்டார்.

2021 உளுந்து மட்டும் இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை. ஸ்கேன்களில் இருந்து வரி வரியாக ஏற்றுகிறேன், பங்குனி வரை வந்திருக்கிறேன். எழுத எழுத அந்த வருடத்து வியாபாரிகளின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது.

பேக்கப் நடக்கிறது. ஆர்க்ளோனைத் தாமைன் தம்பி கடைக்கே வந்து போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை, இரண்டு வீசை துவரம்பருப்பை மட்டும் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். டிஸ்க் இரண்டு. ஒன்று கடையில், ஒன்று பெகுவில் அக்கா வீட்டில். தம்பி வாரா வாரம் கொள்முதலுக்கு அங்கே போகிறவன், போகும்போது மாற்றிக்கொண்டு வருகிறான். வியாபாரிகளின் ஃபோன் நம்பரும் அடையாள அட்டை எண்ணும் அதில் இருப்பதால், வழியில் தொலைந்தால் யாரும் திறக்கக் கூடாது என்று வெராகிரிப்ட் என்ற பூட்டு நிரலில் பூட்டியிருக்கிறோம். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி இரண்டு வீட்டிலும் வைத்திருக்கிறேன், டிஸ்க் பக்கத்தில் இல்லை, வேறு இடத்தில்.

போன ஞாயிறு வைஃபையை அணைத்துவிட்டு டிஸ்கைச் செருகித் திறந்து பார்த்தேன். 'துவரை 2023 தை', 84 கேபி. வீசையைக் கிலோவாக மாற்ற 1.633-ஆல் பெருக்கும் ஃபார்முலா எக்செலிலும் அப்படியே ஓடுகிறது. வருடச் சுருக்கம் போடும் ஷீட்டில் மட்டும் ஒரு நெடுவரிசை முழுக்கப் பிழை காட்டுகிறது. மற்ற ஷீட்களில் இருந்து இழுத்து வருவது அது. தம்பி, அது ஏன்? இன்னொன்று, பெகு அக்கா மகனிடம் மேக் இருக்கிறது. டிஸ்கை விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதுகிற மாதிரி எக்ஸ்ஃபேட் என்ற வடிவத்துக்கு மாற்றட்டுமா?

தாமைன் கம்ப்யூட்டர்

அது இம்போர்ட்ரேஞ்ச் ஃபார்முலா அக்கா, கூகுளுக்கு உள்ளே மட்டும்தான் ஓடும். மாசக் கடைசியில அந்த ஷீட்டை நகல் எடுத்து, அந்த நெடுவரிசையைக் காப்பி பண்ணி 'மதிப்பு மட்டும்'னு ஒட்டி வச்சிருங்க, எண்கள் நிக்கும்.

எக்ஸ்ஃபேட் வேண்டாம். எழுதும்போது கரன்டோ கேபிளோ போனா அதுல சேதம் சீக்கிரம் வரும். விண்டோஸோட வழக்கமான என்டிஎஃப்எஸ் வடிவத்துலயே இருக்கட்டும். மேக் அதைப் படிக்கும், எழுதாதுங்கிறதுதான் வித்தியாசம். வெராகிரிப்டைத் திறக்க அதுலயும் அந்த நிரலைப் போடணும், மேக்ல அதுக்குத் துணை நிரல் ஒண்ணும் வேணும். அக்கா மகன் படிச்சாப் போதும்தானே. பங்குனிக்கு அப்புறம் எந்த மாசம் ஸ்கேன் தெளிவா இல்லைன்னு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை வந்து உங்க கூட உட்கார்றேன்.